மண் தட்டும் நீலக் கடிதமும்

1

இந்த மாதத்தோடு நான் இங்கிலாந்துக்கு வந்து இருபத்துநான்கு வருடங்கள் முடிகின்றன. வருடா வருடம் நான் வந்து இறங்கிய நாளில் என் மனைவி யோகம் சர்க்கரைப் புக்கை பொங்குவாள். இந்த வருடம் பொங்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதி மேசை லாச்சிக்குள் வைக்கப் போகிறேன். காலம் கொஞ்சம் நல்லபடியாக வந்த பிறகு ஊரில் யாராவது வாசியுங்கள். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரை மாற்ற மனம் வரவில்லை. திருகோணமலையை வேறு என்னவென்று எழுதுவது?

கதை காசில் தொடங்குகிறது. வாயைப் பிளக்காதீர்கள், என் காசு இல்லை. நான் களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கிற கம்பளத் தொழிற்சாலையில் ஒரு விளையாட்டுக் கழகம் உண்டு. அதில் தட்டுச் சுடும் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பழைய முதலாளியின் விதவை போன வருடம் காலமானபோது, அந்தப் பிரிவுக்கு ஒரு பெருந்தொகையை எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒரே நிபந்தனை: முழுவதையும் ஒரு வருடத்துக்குள் அந்த விளையாட்டுக்கே செலவழிக்க வேண்டும். மிச்சம் இருந்தால் அது பூனைகள் காப்பகத்துக்குப் போய்விடும். பூனைக்கு ஒரு சதமும் போகக்கூடாது என்பதில் எங்கள் நிர்வாகக் குழுவில் எல்லோருக்கும் ஒரே மனம்.

விளையாட்டு இதுதான். தேநீர்ச் சோசர் அளவான ஒரு தட்டை ஒரு மெஷின் வானத்தில் வீசும். அது பறக்கும்போது துவக்கால் சுட்டு உடைக்க வேண்டும். உடைந்தால் ஒரு புள்ளி. உயிர்ச்சேதம் இல்லை, இரத்தம் இல்லை. பெயர் மண் தட்டு என்றாலும் அதில் மண் மருந்துக்கும் கிடையாது. தாரும் சுண்ணாம்புக் கல்லும் சேர்த்து அச்சில் போட்டது. காசு கொடுத்து வாங்கி, எறிந்து, உடைத்துவிட்டுக் கைதட்டுவார்கள். இதைச் சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள் என்று நான் பகிடியாக நினைத்ததுண்டு. அந்தப் பகிடி பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

அந்தப் பிரிவுக்கு நான்தான் செயலாளர். வாய்க்கொழுப்பு. பத்து வருடங்களுக்கு முன் ஒரு விருந்தில், "எங்கள் ஊர்த் துறைமுகத்தில் உங்கள் கடற்படை அதிகாரிகள் சுடும்போது தட்டு எறிந்தது நாங்கள்தான்" என்று பெருமையடித்தேன். அடுத்த வாரமே பதவியைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

2

காசு வந்தது என்றதும் குழுவில் எல்லோருக்கும் துவக்கு ஆசை வந்துவிட்டது. செதுக்கு வேலைப்பாடு போட்ட துவக்கு, வாதுமை மரப்பிடி, தோல் உறை. நான் எதிர்த்தேன். துவக்கு கடைசி என்றேன். முதலில் நிலத்தைத் திருத்துங்கள், சுடுகிறவன் வடக்கே பார்த்து நிற்கட்டும், கண்ணில் வெயில் விழாது. முன்னால் முந்நூறு யார் வெறும் நிலமாகக் கிடக்கட்டும், ஆடு மாடுகூட வரக்கூடாது. பிறகு காதுக்கு மூடி, ஈரம் படாத அறையில் தோட்டா, புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நல்ல பயிற்சியாளர். தோளுக்குப் பொருந்தாத விலை உயர்ந்த துவக்கைவிடப் பொருந்துகிற பழந்துவக்கு மேல். எல்லாவற்றுக்கும் முதல் மெஷின். மெஷினில் கஞ்சத்தனம் பிடித்தால் நான் பதவியை விட்டுவிடுவேன் என்று மேசையில் தட்டிச் சொன்னேன். தலைவர் ஏன் இவ்வளவு சூடாகிறாய் என்று கேட்டார். 

பதில் துறைமுகத்தில் கிடக்கிறது. சுதந்திரம் கிடைத்த பிறகும் பிரித்தானியக் கடற்படை சில வருடங்கள் எங்கள் உள்துறைமுகத்தில்தான் இருந்தது. நான் இருபத்திரண்டு வயதில் டொக்யார்ட் என்ற கப்பல் பட்டறையில் களஞ்சியக் கிளாக்கர். என் அண்ணர் அங்கேயே இயந்திரம் பொருத்துநர். ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் அடியில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாரிகள் ஒரு முனையில் நின்று கடலைப் பார்த்துத் தட்டுச் சுடுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் காசிம் காக்கா, காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன், சிவப்புக் கொடி பிடித்துத் தோணிகள் குறுக்கே வராமல் பார்ப்பார். அண்ணர் குழிக்குள் இருந்து மெஷினின் வில்லை இழுத்துப் பூட்டி, இரும்புக் கையில் தட்டை வைப்பார். நான் பின்னால் நெம்புகோலோடு நிற்பேன். சுடுகிறவர் ஆங்கிலத்தில் "புல்" என்று கத்துவார், இழு என்று அர்த்தம். நான் இழுக்க, இரும்புக் கை சுழன்று தட்டை வீசும். அந்தக் கை சுழலும்போது அதன் பாதையில் எது நின்றாலும் வெட்டிக்கொண்டு போகும்.

அன்று ஒரு அதிகாரி தன் தோட்டாப் பையை நிரப்பிக்கொண்டிருந்தார். நிரம்பியதா என்று நண்பர் கேட்டிருக்க வேண்டும். அவர் "ஃபுல்" என்றார். நிறைந்துவிட்டது என்று. எங்கள் நாக்கில் அந்த எழுத்து அப்போது வராது, காதிலும் ஏறாது. எனக்குப் "புல்" என்றுதான் கேட்டது. இழுத்துவிட்டேன்.

அண்ணரின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. சின்னவிரலும் அதற்குப் பக்கத்து விரலும். காசிம் காக்கா கொடியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, தலையில் கட்டியிருந்த துணியைக் கிழித்துச் சுற்றினார். யாருடைய பிழை என்று அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னம் அண்ணர் சொன்னார்: "என்ர கவனயீனம், சேர்." புத்தகத்தில் அப்படியே எழுதினார்கள்.   இன்று வரைக்கும் நான் அண்ணரிடம் அதைப் பற்றி வாய்விட்டுக் கதைத்ததில்லை.

கடற்படை போனது, வேலையும் போனது. நான் கப்பல் ஏறினேன். அண்ணர் மூன்று விரலால் எழுதப் பழகி, ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞராகி, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டார். மாதம் ஒரு கடிதம் வரும். அவருடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஐந்து விரலுள்ள என் எழுத்துத்தான் கோழி கிளறியது.

3

இனிக் கழகமே துவக்கு வாங்குவதென்றால் செயலாளரான எனக்கும் துவக்குச் சான்றிதழ் வேண்டும். படிவம் வந்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் திருகோணமலையை எழுத இடம் போதவில்லை, கட்டத்துக்கு வெளியே வால் நீட்டியது. உள்ளூர்ப் பொலிஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து, தேநீர் குடித்து, பூட்டுள்ள அலுமாரி இருக்கிறதா என்று கேட்டு, பூட்டைத் திருகிப் பார்த்தார். இருபது நிமிடம். போகும்போது அவர் எனக்கு நன்றி சொன்னார். யோகம் அவருக்கு இரண்டு வடையும் கொடுத்தனுப்பினாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அண்ணருக்கு எழுத உட்கார்ந்தேன். எந்த மெஷின் வாங்குவது என்று யாரிடம் கேட்பது? விரலைக் கொடுத்த மனுசனைவிட அதைப் பற்றி ஆருக்குத் தெரியும்? உண்மையைச் சொன்னால், முப்பது வருடமாகச் சொல்ல முடியாத மன்னிப்பை ஒரு கேள்வியாகக் கேட்கலாம் என்று நினைத்தேன். களஞ்சியக்காரன் பழக்கம், எதையும் முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் விமானத் தபாலுக்கான நீலக் கடிதத் தாளில் எழுதுவேன். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது, அதில் வருகிற வசந்தி என் மகள்:

"அண்ணர், இங்கை எங்கட கழகத்துக்கு எக்கச்சக்கமாக் காசு வந்திருக்கு. எட்டுத் துவக்கும் இருபதினாயிரம் தோட்டாவும் வாங்க யோசனை. முதலிலை பெடியளுக்குப் பழக்க வேணும். எங்கட வசந்தியும் பெடியளோடை சேர்ந்து பழகுறாள், நல்லா வெடி வைக்கிறாள். துறைமுகத்திலை நாங்கள் எறிஞ்ச மாதிரி எறிய ஒரு மெஷின் தேடுறன். அதைப் பற்றி உங்களுக்குத்தானே தெரியும். உங்களுக்கு ஞாபகம் உள்ள மாதிரி ஒரு படம் கீறி அனுப்புங்கோ."

கடிதத்தை மடித்து, நாக்கால் ஈரமாக்கி ஒட்டி, வேலைக்குப் போகிற வழியில் பெட்டிக்குள் போட்டேன். வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு போனேன்.

4

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் மலர் சாப்பிட வந்தாள். மலர் லிங்கநகர்ப் பிள்ளை, இங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக வந்து ஆறு மாதம். எங்கள் ஊர்க் குரலைக் கேட்கவே யோகம் அவளை இழுத்து வைத்துச் சோறு போடுவாள். நான் மீன்குழம்பைக் குழைத்தபடி கடிதக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். மலரின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"என்னெண்டு எழுதினீங்கள் அண்ணை? சொல்லுக்குச் சொல் சொல்லுங்கோ."

தாளை எடுத்துவந்து கொடுத்தேன். இடது கையால் வாங்கி வாசித்தாள். முதல் வரிக்குத் திரும்பி இன்னொரு தரம் வாசித்தாள்.

"ஐயோ அண்ணை! பெடியள் எண்டோ எழுதினீங்கள்?"

"ஓம். கழகத்துப் பெடியள், சின்னப் பிள்ளையள். ஆறு பேர். அதிலை ரெண்டு பெட்டையள், எங்கட வசந்தியும் ஒண்டு. எல்லாருக்கும் சேர்த்துப் பெடியள் எண்டுதானே சொல்லுறது?"

"அது நீங்கள் வெளிக்கிட்ட காலத்திலை. இப்ப ஊரிலை பெடியள் எண்டால் வேறை. இயக்கத்துக்குப் போய்த் துவக்கெடுத்த பெடியள். அந்தச் சொல்லை நாங்கள் பஸ்ஸுக்குள்ளை வாய்விட்டுச் சொல்ல மாட்டம். கடைசியா எப்ப போனனீங்கள்?"

"எட்டு வருசம் இருக்கும்."

"பிடிச்சால் கேள்வி கேட்காமல் மாதக்கணக்கா வைச்சிருக்கலாம் எண்டு சட்டம் வந்திருக்கு. தெரியாதோ?"

தெரியும். பத்திரிகையில் வாசித்திருந்தேன். வாசித்து, உச்சுக்கொட்டி, பக்கத்தைப் புரட்டியிருந்தேன். அது என் அண்ணர் வீட்டுப் படலைக்குள் வரக்கூடிய சங்கதி என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மலர் தாளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். வெளிநாட்டுக் காசு. துவக்கு. தோட்டா. பெடியளுக்குப் பழக்க. துறைமுகம். எறிகிற மெஷின். படம் கீறி அனுப்பு. "இதிலை ஒரு வரியே காணும் அண்ணை, ஆளைப் பிடிக்க. நீங்கள் எல்லாத்தையும் ஒரே கடிதத்திலை எழுதியிருக்கிறீங்கள். நீலக் கடிதத்தை எங்கட ஊருக்கு வரமுதல் உடைச்சுப் பார்த்துப் பசை போடுறாங்கள்."

"ஒவ்வொரு கடிதத்தையுமோ?"

"எல்லாத்தையும் இல்லை. எதை எண்டு ஆருக்குத் தெரியும்?"

யோகம் எழுந்து குசினிக்குள் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.  குழைத்த சோறு கையில் காய்ந்தது.

5

திங்கட்கிழமை விடிந்ததும் தந்தி அடிக்க ஓடினேன். தபால் கந்தோரில் படிவத்தை எடுத்து, "கடிதத்தை எரித்துவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதை நானே வாசித்துப் பார்த்தேன். குற்றவாளிதான் இப்படித் தந்தி அடிப்பான். கிழித்தேன். "கடிதத்தில் இருப்பது விளையாட்டு" என்று எழுதினேன். அதுவும் உதவாது. மூன்றாவது படிவத்தில் "சுகமா" என்று ஒரு சொல் மட்டும் எழுதினேன். இருபத்துநான்கு வருடமாகத் தந்தி அடிக்காதவன் இன்றைக்கு ஏன் சுகம் கேட்கிறான் என்று எவனாவது யோசித்தால்? மூன்று படிவங்களையும் அனுப்பாமலே சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தேன். குப்பைத்தொட்டியில் போடவும் பயம். இங்கே ஆர் என்னைப் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் பயம்.

தொலைபேசியா? அண்ணர் வீட்டில் கிடையாது. சந்திக்கடைக்கு எடுத்து, ஆளனுப்பிக் கூப்பிட வேண்டும். கடைக்குள் பத்துப் பேர் நிற்பார்கள். அண்ணரோ காது மந்தம், நான் சொல்வதைத் திருப்பிக் கத்திக் கேட்பார். "என்ன, பெடியளோ?" என்று அவர் சந்தியில் நின்று கத்துவதை நினைத்தேன். தொலைபேசியைத் தொடவில்லை.

தபால்காரர் காலை ஒன்பதரைக்கு வருவார். நான் வேலை நேரத்தை மாற்றி வாங்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.  மாதக் கடிதம் வரவேண்டிய நாள் வந்து போனது. அடுத்த கிழமையும் போனது. ஒவ்வொரு காலையும் நீலத்தைத் தேடினேன். மின்சாரக் கட்டணமும் கம்பளி விளம்பரமும்தான் வந்தன.

கழகத்தில் காசு தன் பாட்டில் செலவானது. நிலத்தைச் சமன் செய்தார்கள், கொங்கிறீற்றால் அறை கட்டினார்கள், தட்டுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஒவ்வொரு கட்டளைத் தாளிலும் என் கையொப்பம் வேண்டும். எட்டுத் துவக்கு, இருபதினாயிரம் தோட்டா என்று அச்சடித்த தாளில் கையொப்பமிடும்போது பேனை வழுக்கியது. மெஷின் தாளை மட்டும் ஒத்திப்போட்டேன். அண்ணர் பதில் சொல்லாமல் எப்படி வாங்குவது? தலைவர் பூனைகளை நினைவுபடுத்தினார்.

ஒரு சனிக்கிழமை என் மகள் வசந்தி பழகுவதைப் பார்க்கப் போனேன். பதினைந்து வயது. பழைய மெஷின் கிறீச்சிட, அவள் "புல்" என்று கத்தினாள். வெடிச் சத்தம் கேட்டதும் புல்தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓடி வந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன், அரைவாசி தமிழில், அரைவாசி ஆங்கிலத்தில். கவனமாகக் கேட்டாள்.

"அது ஒரு வேர்ட்தானே அப்பா," என்றாள். "நீங்க மீன் பண்ணினது என்னண்டு சொன்னா ஓகேதானே?"

அவளுக்குக் கோபித்து என்ன செய்ய? பொலிஸ்காரருக்கு வடை கொடுத்தனுப்புகிற நாட்டில் பிறந்த பிள்ளை. அவளுடைய பெரியப்பாவின் கையில் ஏன் மூன்று விரல் என்றுகூட நான் சொல்லி வளர்க்கவில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன். 

6

கடிதம் வந்தபோது நான் கவனிக்கவே இல்லை. நீலத்தைத் தேடியவனுக்கு வெள்ளை உறை கண்ணில் படவில்லை. இந்த நாட்டு முத்திரை, லண்டனில் போட்டது. விளம்பரம் என்று நினைத்து மேசையில் எறிந்தேன். யோகம்தான் எடுத்துப் பார்த்து, "இஞ்சருங்கோ, இது தமிழ்க்கை எழுதின இங்கிலீஸ்" என்றாள். விலாசத்தின் எழுத்து அண்ணியுடையது. அண்ணி எனக்கு ஒருநாளும் எழுதியதில்லை. உறையை உடைக்க எனக்கு ஏலவில்லை. யோகம் உடைத்து வாசித்தாள்.

"தம்பிக்கு அண்ணி எழுதுவது. இதைத் தபாலிலை போடப் பயந்து, மலர் தங்கச்சியின்ர சொந்தக்காரப் பிள்ளை ஒண்டு லண்டன் வருது எண்டு கேள்விப்பட்டு, லிங்கநகருக்குப் போய்க் கையிலை குடுத்தனான்.

உங்கட கடிதம் எங்களுக்கு வரேல்லை. கடிதத்துக்குப் பதிலா ஆக்கள் வந்தவை. மெஷின் எங்கை, படம் கீறினியோ, பெடியள் ஆர், அந்த வசந்தி ஆர் எண்டு கேட்டவை. அண்ணர் சிரிச்சுக்கொண்டு உள்ளதைச் சொன்னவர். தட்டை எறிஞ்சு உடைக்கிற விளையாட்டு எண்டார். காசு குடுத்து வாங்கித் தட்டை உடைக்கிறவங்களோ எண்டு அவையும் சிரிச்சவை. பிறகு சிரிக்கேல்லை. ஜீப்பிலை ஏத்திக்கொண்டு போட்டினம்.

மூண்டு நாள் தம்பி. நான் எங்கையெல்லாம் போய் நிண்டனான் எண்டு எழுத ஏலாது. சங்கதி கேள்விப்பட்டு, இரண்டாம் நாள் விடியக் காசிம் காக்கா கிண்ணியாவிலை இருந்து முதல் லோஞ்சிலை கடல் கடந்து வந்திட்டார். எங்கட குசினி வாசலிலை நிண்டு, 'அழ வேணாம் தங்கச்சி, என்ட கையில சாமான் ஒண்டு ஈக்கி' எண்டார். லேஞ்சித் துணியை அவிட்டால் ஒரு கறுத்தத் தட்டு. வெள்ளைக்காரன் போகேக்கை உடையாமல் கிடந்த ஒண்டை வீட்டை கொண்டுபோய், இத்தனை வருசமாக் கிணத்தடியிலை சவுக்காரக் கட்டி வைக்கிறவராம். ஓரத்திலை இங்கிலீஸ் எழுத்து இன்னும் வாசிக்கலாம்.

அந்த வயசிலை, ஆரும் கூப்பிடாமல், தானே அதைக் கொண்டுபோய் அவையின்ர மேசையிலை வைச்சவர். அவரையும் அரைநாள் இருத்திப்போட்டினம். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு பழைய முனைக்குப் போனவையாம். காக்கா காலாலை மண்ணைக் கிளறக் கிளற உடைஞ்ச தட்டுகளின்ர கறுத்த ஓடு வந்துதாம். ஒரு சாக்கு அள்ளலாமாம். அதைப் பார்த்த பிறகுதான் நம்பினவை. அடுத்த நாள் அண்ணரை விட்டவை. தட்டைத் திருப்பிக் குடுக்கேல்லை.

அண்ணர் வீட்டை நிக்கிறார். மேலிலை காயம் ஒண்டும் இல்லை. ஆனால் கை நடுங்குது. பேனை பிடிக்க ஏலாதாம். அதுதான் நான் எழுதுறன். படலைச் சத்தம் கேட்டால் எழும்பிச் சேட்டைப் போட்டுக்கொண்டு கதிரை நுனியிலை இருக்கிறார். பால்காரனுக்கும் அப்பிடித்தான்.

எனக்கு உங்களிலை கோபம். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? உங்கட தம்பியாலை வந்த வினை எண்டு அவரிட்டை வாய்விட்டுக் கத்தினனான். அவர் சொன்னார், 'அவனுக்கு அந்தச் சொல்லு மாறினது தெரியாது. நானெல்லோ எழுதியிருக்க வேணும். என்ர கவனயீனம்' எண்டு.

அவர் உங்களுக்கு ரெண்டு விசயம் சொல்லச் சொன்னவர். ஒண்டு, கொஞ்ச நாளைக்குக் கடிதம் போட வேண்டாம். மற்றது, மெஷின் வாங்கினால் கை கிட்டப் போகத் தேவையில்லாத மெஷினாப் பார்த்து வாங்கட்டாம்."

யோகம் தாளை மடித்தாள். நான் குசினி மேசையில் தலையை வைத்து அழுதேன். பிள்ளை பார்க்கிறாளே என்ற வெட்கமும் வரவில்லை. விரல் போன அன்றும் நடுங்காத கை அது. துணி சுற்றிய கையோடு, என்னைப் பார்த்து "நீ வாயைப் பொத்து" என்று கண்ணால் சொன்ன மனுசன். இரண்டு தரம் ஒரு சொல்லைப் பிழையாகப் பிடித்து அந்தக் கையில் போட்டிருக்கிறேன். இரண்டு தரமும் பழியைத் தானே எடுத்துக்கொண்டார்.

7

அடுத்த நாள் காலை மெஷின் கட்டளைத் தாளில் கையொப்பமிட்டேன். சந்தையில் இருந்ததிலேயே விலை கூடியது. தட்டுகளை அடுக்கி விட்டால் தானே ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைக்கும், தானே வில்லைப் பூட்டும். சுற்றிவர இரும்பு வலை. தூர நின்று பொத்தானை அமத்தினால் போதும். குழு அந்த விலையைப் பார்த்து முகம் சுளித்தது. பூனைக்குக் கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். அடங்கிவிட்டார்கள். எக்கச்சக்கமான காசை எப்படிச் செலவழிப்பது என்று இனி யாராவது என்னைக் கேட்டால், முதலில் அந்தக் குழிக்குள் இருக்கிறவனின் விரல்களை எண்ணிப்பார் என்பேன்.

மெஷின் வந்து பூட்டிய அன்று எல்லோரும் கைதட்டினார்கள். முதல் தட்டு என் பெயரில். நான் சுடவில்லை. வசந்தி என் பக்கத்தில் வந்து நின்று, கூட்டத்துக்குக் கேட்காமல், "பெரியப்பாவுக்கு இதைப் பிடிக்கும்" என்றாள். தமிழில் சொன்னாள். நான் தலையாட்டினேன். அவருக்கு எழுதித் தெரிவிக்க எனக்கு வழியில்லை.

காசிம் காக்காவின் கிணற்றடி மனதைவிட்டுப் போகவில்லை. சவுக்காரம் மண்ணில் கிடக்கும். கழகக் களஞ்சியத்தில் கூரைவரை தட்டுப் பெட்டிகள். ஒன்றை எடுத்துக் கடதாசியில் சுற்றி, சனிக்கிழமை வசந்தியோடு தபால் கந்தோருக்குப் போனேன். சுங்கப் படிவத்தை நீட்டினார்கள். பொருளின் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது. தட்டு என்று எழுதினால் என்ன தட்டு என்பான். உள்ளதை எழுதினால் அந்தக் கிழவரின் வாசலில் ஜீப் நிற்கும். பொய்யை எழுதினால், ஓரத்தில் இங்கிலீஸ் எழுத்து உள்ள இரண்டாவது தட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பான். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. 

"அப்பா, எழுதுங்கோ," என்றாள் வசந்தி.

ஏலவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்குள் போய், நீலப் பிளாஸ்டிக்கில் மூடியுள்ள ஒரு சவுக்காரப் பெட்டி வாங்கினேன். தட்டை வசந்தியிடம் கொடுத்துவிட்டு, வெறும் பெட்டியோடு திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றேன். பொருளின் பெயர் என்ற கட்டத்தில் சவுக்காரப் பெட்டி, ஒன்று என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அனுப்புபவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதாமல், மலரின் ஆஸ்பத்திரி விலாசத்தை அவளுடைய சம்மதத்தோடு எழுதினேன்.

"லெட்டர் வைக்கேல்லையா?" என்று வசந்தி கேட்டாள்.

வைக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் காக்காவுக்கு விளங்கும்.